உண்ணிக் காய்ச்சலும் இரண்டு நாளில் எழுதிய தாளும்

முதலில் அதைச் சூட்டுக் கொப்புளம் என்றுதான் நினைத்தேன். இடுப்பில், சுடிதார் நாடா அழுத்தும் இடத்தில், மிளகு அளவுக்கு ஒரு புண். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை, அரிப்பும் இல்லை. வலிக்காத ஒன்றைப் பற்றி யோசிக்க அப்போது எனக்கு நேரமும் இல்லை. லைனில் புது மாடல் காருக்கான வேலை தொடங்கியிருந்தது.

இது நடந்து ஆறு மாதம் ஆகிறது. இப்போது நன்றாக இருக்கிறேன். ஹாஸ்டலுக்குப் புதிதாக வரும் பெண்கள், "அக்கா, உங்களுக்கு ஏதோ பூச்சி கடிச்சு ஆஸ்பத்திரியில கெடந்தீங்களாமே" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதிப் பாதியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே தடவை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இதில் நான் பெருமைப்படும்படி கொஞ்சம் இருக்கிறது. வெட்கப்படும்படியும் ஒன்று இருக்கிறது. இரண்டையும் எழுதுகிறேன்.

என் பெயர் முத்துலட்சுமி. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஒரகடத்தில் கார்களுக்கு வயரிங் செட் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். எங்கள் லைனில் ஒவ்வொரு மேசைக்கும் மேலே ஒரு தாள் தொங்கும். எந்த வயரை எந்தத் துளையில் முதலில் செருக வேண்டும், தவறினால் என்ன ஆகும் என்று படத்தோடு இருக்கும். அந்தத் தாள்களை எழுதுவதும், தப்பு வந்தால் திருத்துவதும் என் வேலை.

அந்த ஐப்பசி மழையில் ஹாஸ்டலுக்கு முன்னால் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் நிரம்பி, சாலை குளமாகிவிட்டது. கம்பெனி பஸ் உள்ளே வர மறுத்தது. ஹாஸ்டலின் பின்பக்க கேட்டைத் திறந்தால் புதர்க்காடு. அதற்குள் ஒற்றையடிப் பாதையில் ஐந்து நிமிடம் நடந்தால் மெயின் ரோடு, பஸ். மூன்று வாரம் நாங்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் போய் வந்தோம். ஈரப் புல் முழங்கால் வரை உரசும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு காய்ச்சல் வந்தது. தலை, கண்ணுக்குப் பின்னால் யாரோ திருகுவது போல வலித்தது. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். மூன்றாம் நாள் கம்பெனியின் முதலுதவி அறையில் இருந்த நர்ஸ், "எத்தனை நாளா?" என்று கேட்டார். "இன்னைக்குத்தான் சிஸ்டர்" என்றேன். மூன்று நாள் என்று சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். புது மாடலின் தாள்கள் பாதியில் நிற்கும். பொய் சொன்னேன். அவர் இரண்டு மாத்திரை கொடுத்தார்.

ஐந்தாம் நாள் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து, தட்டணுக்கள் குறைவாக இருக்கிறது, டெங்குவாக இருக்கலாம் என்றார்கள். ரத்தம் உறைய உதவுகிற சிறு அணுக்கள்தான் தட்டணுக்கள். டெங்கு வந்தால் அவை குறையும். ஆனால் டெங்கு பரிசோதனையில் 'இல்லை' என்று வந்தது. குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். ஏழாம் நாள் ஹாஸ்டல் மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு பத்தவில்லை.

அன்று வேலைக்கு வராத என்னைத் தேடி, தண்ணீர் கொஞ்சம் வடிந்திருந்த முன்பக்கச் சாலை வழியாக ரேவதி வந்தாள். லைனில் என் பக்கத்து மேசை. மணிமங்கலத்துக்காரி. கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் பேசிய முதல் வார்த்தை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"இன்னாடி, உதடு நீலமா கீது?"

அடுத்த நிமிடம் அவள் புருஷனுக்குப் போன் செய்து, அவன் ஓட்டும் லோடு ஆட்டோவைக் கொண்டுவரச் சொன்னாள். ஒரு போர்வையை விரித்து என்னைப் பின்னால் படுக்க வைத்து, என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அரசு மருத்துவமனை வரை வந்தாள். வழியெல்லாம், "தூங்காத, எங்கிட்ட பேசிகினே வா" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

அங்கே விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும். எண்ணைப் பார்த்ததும் உடனே முகமூடி போட்டு ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். பெண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டில். கொஞ்ச நேரத்தில் டாக்டர் சுமதி வந்தார். ஐம்பது வயதிருக்கும். அவர் கேட்ட கேள்வி வித்தியாசமாக இருந்தது.

"உடம்புல எங்கயாவது கறுப்பா ஒரு புண் இருக்கா? சிகரெட் சுட்ட மாதிரி? வலிக்காது."

நான் இல்லை என்று தலையாட்டினேன். புண் என்றால் வலிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு. அவர் விடவில்லை. கட்டிலைச் சுற்றித் திரை போடச் சொல்லி, ஒரு நர்ஸை உடன் வைத்துக்கொண்டு தலைமுடி ஓரத்திலிருந்து தேடத் தொடங்கினார். காதுக்குப் பின்னால், அக்குளில், மார்பின் கீழ். எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்த மூச்சுத் திணறலிலும் கூச்சம் போகவில்லை என்பது இன்று நினைத்தால் சிரிப்பாக வருகிறது. இடுப்பு நாடாவைத் தளர்த்தியதும் அவர் கை நின்றது.

"இதோ இருக்கு பாருங்க" என்று நர்ஸிடம் காட்டினார். அதுவரை இறுக்கமாக இருந்த அவர் முகம் தெளிந்தது. "பயப்படாதீங்க முத்துலட்சுமி. என்னன்னு தெரிஞ்சுபோச்சு. மருந்து இருக்கு."

நோயின் பெயர் ஸ்க்ரப் டைஃபஸ். தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். மாட்டின் மேல் இருக்கும் பெரிய உண்ணி இல்லை இது. கண்ணுக்கே தெரியாத அளவு சிறிய, செக்கச் சிவந்த ஒரு பூச்சிக்குஞ்சு. புல்லிலும் புதரிலும் இருக்கும். நாம் உரசிப் போகும்போது ஏறி, துணி இறுக்கமாக இருக்கும் இடம் பார்த்துக் கடிக்கும். கடித்த இடம் பத்து நாளில் கறுப்புப் பொருக்காக மாறும். அதற்குள் கிருமி ரத்தத்தில் சேர்ந்திருக்கும். சரியான மருந்தை ஆரம்பத்திலேயே கொடுத்தால் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். விட்டுவிட்டால் நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், மூளை என்று எங்கு வேண்டுமானாலும் இறங்கும். எனக்கு நுரையீரலில் இறங்கியிருந்தது. ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர நான்கைந்து நாளாகும் என்றார்கள். அதற்குக் காத்திருக்காமல் அன்றே நரம்பு வழியாக இரண்டு மருந்துகளைத் தொடங்கினார்கள்.

மறுநாள் காலை அப்பா வந்து சேர்ந்தார். பெண்கள் வார்டுக்குள் ஆண்கள் தங்கக் கூடாது. பார்வையாளர் நேரத்தில் மட்டும் உள்ளே வருவார். மற்ற நேரமெல்லாம் கீழே ஷெட்டில் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்திருப்பார். என் ஜன்னலுக்கு நேர் கீழே அந்த ஷெட். எனக்கு எழுந்து பார்க்கத் தெம்பில்லை என்பதால், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கீழேயிருந்து குரல் கொடுப்பார்.

"தாயி, அப்பா இங்கனதான் இருக்கேன்."

முகமூடிக்குள்ளிருந்து பதில் சொல்ல முடியாது. பக்கத்துக் கட்டிலில் சர்க்கரைப் புண்ணுக்காகப் படுத்திருந்த பெண், எனக்காக எழுந்து போய் ஜன்னலில் நின்று, "உம் பொண்ணு கேட்டுகினு கீதுய்யா" என்று சொல்லுவார். இரண்டே நாளில் அந்த அம்மாளும் அப்பாவும் ஜன்னல் வழியாகவே ஊர்க்கதை பேசத் தொடங்கிவிட்டார்கள்.

மருந்து தொடங்கி ஒன்றரை நாளில் வியர்த்துக் கொட்டியது. போர்வை நனைந்துவிட்டது. காய்ச்சல் போய்விட்டது. ஒன்பது நாளுக்குப் பிறகு முதன்முறையாகப் பசித்தது. ரேவதி ஷிப்ட் முடிந்து, வீட்டிலிருந்து ரசம் சாதம் கரைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். ஸ்பூனால் ஊட்டிவிட்டுக்கொண்டே லைன் செய்திகளைச் சொன்னாள். அன்று நான் சாப்பிட்ட ரசத்தின் ருசியைப் பற்றி ஒரு பக்கம் எழுத முடியும்.

ஆனால் அதற்குள் என் ஹாஸ்டலிலிருந்து இன்னும் நான்கு பேர் வந்துவிட்டார்கள். ஒருத்தி என் அறையிலேயே இருந்தவள். நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய், மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். அவளும் கிளினிக்கில் டெங்கு என்று சொல்லப்பட்டு, ஆறு நாளைத் தொலைத்தவள்தான்.

நான்காம் நாள் காலை டாக்டர் சுமதி என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார்.

"முத்துலட்சுமி, ஒரு உதவி வேணும். சுத்துவட்டாரத்துல உள்ள எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், கம்பெனி முதலுதவி அறைக்கும், கிளினிக்குக்கும் ஒரு வழிமுறை எழுதி அனுப்பப் போறோம். காய்ச்சல்னு ஒருத்தர் வந்தா என்ன கேக்கணும், என்ன பாக்கணும், எப்ப மருந்து குடுக்கணும்னு. இதெல்லாம் சாதாரணமா எழுத ஒரு வருஷம் ஆகும். நமக்கு ரெண்டு நாள்தான் இருக்கு. நோயாளி ஒருத்தர் கூட இருந்தா நல்லா இருக்கும். வர்றீங்களா?"

நான் பன்னிரண்டாம் வகுப்போடு ஒரு டிப்ளமோ படித்தவள். மருத்துவத்துக்கு நான் என்ன சொல்ல முடியும் என்றேன்.

"நீங்க கம்பெனியில அந்த வேலைதானே பாக்கறீங்க? அடுத்தவங்க தப்பில்லாம செய்யற மாதிரி எழுதிக் குடுக்கறது. உங்க அப்பா சொன்னார்."

அப்பா ஷெட்டில் உட்கார்ந்து என்னவெல்லாம் பேசியிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

வார்டுக்குப் பக்கத்தில் மருந்துப் பெட்டிகள் அடுக்கிய ஒரு சின்ன அறை. என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். டாக்டர் சுமதியோடு சுகாதாரத் துறையிலிருந்து டாக்டர் இளங்கோ என்ற இளைஞர் வந்திருந்தார். கிராம சுகாதார நர்ஸ் கஸ்தூரி அக்கா வந்திருந்தார். இருபது வருடமாக இந்தப் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகப் போகிறவர். மேசையில் ஏற்கெனவே வெளிவந்த வழிமுறைகளும் ஆய்வுக் கட்டுரைகளும் அச்செடுத்துக் குவித்திருந்தன. வேறு ஊர்களில் இந்த நோயை நிறையப் பார்த்த இரண்டு பெரிய டாக்டர்களிடம் போனில் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

முதல் சண்டை மருந்தைப் பற்றி. இளங்கோவுக்குப் பரிசோதனை முடிவு இல்லாமல் மருந்து கொடுப்பதில் தயக்கம்.

"காய்ச்சல்னு வர்ற எல்லாருக்கும் குடுத்தா, நாளைக்கு இந்த மருந்தே கேக்காம போயிடும் மேடம்."

"ரிசல்ட் வர்ற வரைக்கும் குடுக்காம இருந்தா, ஆள் இல்லாம போயிடுவாங்க இளங்கோ."

கோபமில்லாமல்தான் பேசினார்கள். ஆனால் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. அரை மணி நேரம் போனது. கடைசியில் நடுவில் ஒரு வழி வந்தது. மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், சளி தொண்டை வலி போல வேறு காரணம் எதுவும் தெரியவில்லை என்றால், முதலில் ரத்தம் எடுத்து வைத்துவிட்டு அன்றே மாத்திரை தொடங்க வேண்டும். இரண்டு நாளில் திரும்பப் பார்க்க வேண்டும். மூச்சுத் திணறல், குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைவு — இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

டாக்டர் சுமதி ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டார். உறுதியாகத் தெரிந்த வரிக்கு முழுக்க மை நிரப்பிய வட்டம். ஓரளவு தெரிந்ததற்குப் பாதி. ஊகத்துக்கு வெறும் வட்டம். "அவசரத்துல எழுதறோம். எது தெரியும், எது தெரியாதுன்னு படிக்கறவங்களுக்கும் தெரியணும்" என்றார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. எங்கள் கம்பெனித் தாளில் அப்படி ஒரு பழக்கம் கிடையாது. எல்லா வரியும் ஒரே மாதிரி அடித்துச் சொல்லும்.

முதல் வரைவு நான்கு பக்கம் வந்தது. நான் படித்துவிட்டு, "நாலு பக்கம் யாரும் படிக்க மாட்டாங்க டாக்டர். எங்க முதலுதவி ரூம்ல ஒரே நர்ஸ். ஷிப்ட் மாறுற நேரத்துல முப்பது பேரு நிப்பாங்க" என்றேன். ஒரு பக்கமாக வெட்டினோம். வெட்டுவதுதான் எழுதுவதைவிடக் கஷ்டம் என்று நால்வருமே சொன்னோம்.

'எத்தனை நாளாகக் காய்ச்சல்?' என்ற கேள்வியில் என் விரலை வைத்தேன்.

"இதுக்கு நாங்க பொய்தான் சொல்லுவோம். நானே சொன்னேன். லீவு போயிரும்னு பயம். அதுக்குப் பதிலா, 'பாராசிட்டமால் என்னைக்கு முதல்ல போட்டீங்க, இதுவரைக்கும் எத்தனை போட்டீங்க'ன்னு கேளுங்க. அதுக்கு யாரும் யோசிச்சுப் பொய் சொல்ல மாட்டாங்க."

இளங்கோ நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். கம்பெனியில் எந்த மேலாளரும் என் வாக்கியத்தை அப்படி மாற்றாமல் எழுதியதில்லை. புண்ணைத் தேடுவதற்கும் ஒரு வழி சொன்னேன்: பெண்கள் நர்ஸிடம்கூடக் காட்டக் கூச்சப்படுவார்கள், அதனால் குளியலறையில் தாங்களே பார்க்கவும், முதுகை அறைத்தோழி பார்க்கவும் படம் போட்டுக் கொடுக்க வேண்டும். 'வலிக்காது' என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் போட வைத்தேன்.

கஸ்தூரி அக்கா அதுவரை அதிகம் பேசவில்லை. முடிக்கப் போகும்போது கேட்டார்.

"முழுகாம இருக்கறவங்களுக்கு இன்னா பண்ணணும்? அத்த காணோமே."

"அதை அடுத்த பதிப்புல சேத்துக்கலாம்னு நெனச்சோம்" என்றார் இளங்கோ.

"அந்தக் கம்பெனிங்கள்ல பாதிப் பேரு புதுசா கல்யாணமான பொண்ணுங்க சார். ரெண்டு மாசம் மூணு மாசம் வரைக்கும் யாருக்கும் சொல்லாதுங்க. அடுத்த பதிப்பு வரைக்கும் அதுங்களுக்குக் காய்ச்சல் காத்துகினு இருக்குமா?"

உடனே மறுபடி கட்டுரைகளைப் புரட்டினார்கள். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் என்ற வேறு மருந்து, அது பாதுகாப்பானது, தாமதிக்காமல் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்ந்தது. முழு வட்டம்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். யாருக்கெல்லாம் இது? இளங்கோவுக்கு மருந்து எல்லோருக்கும் போய்விடக் கூடாது என்ற கவலை தீரவில்லை. என்னைப் பார்த்து, "வேற எங்கயும் கேஸ் இல்லையே? எல்லாரும் உங்க பாதையில நடந்தவங்கதானே?" என்றார்.

"ஆமா சார். அந்தப் புதர் வழியா நாங்க மட்டுந்தான் போறோம். வேற யாருக்கும் வர வாய்ப்பில்ல."

எத்தனை உறுதியாகச் சொன்னேன். இரண்டு நாளாக நான் சொன்னதெல்லாம் சரியாக இருந்ததால் வந்த உறுதி. 'அந்தப் பகுதி ஹாஸ்டல்களில் தங்குவோர், அல்லது அந்தப் பாதையில் நடந்தோர்' என்று மேலே ஒரு வரி ஏறியது. டாக்டர் சுமதி பக்கத்தில் வெறும் வட்டம் போட்டார். கடைசியில் தன் போன் எண்ணையும், 'இது இன்று எங்களுக்குத் தெரிந்தது. தவறு கண்டால் கூப்பிடுங்கள்' என்ற வரியையும் சேர்த்தார். அன்று மாலையே எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து என்னை ஹாஸ்டலுக்கு அனுப்பினார்கள். பரிசோதனை முடிவும் வந்தது, உண்ணிக் காய்ச்சல்தான். என் அறைத்தோழிக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். ஹாஸ்டலில் தாளைப் பார்த்துவிட்டு இன்னும் ஆறு பேர் தாங்களே புண்ணைக் கண்டுபிடித்து, மாத்திரையோடு அறையிலேயே குணமானார்கள். நான் படுத்துக்கொண்டே அதை எண்ணி எண்ணிச் சந்தோஷப்பட்டேன். அப்பா எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் அறையில் தங்கிக்கொண்டு, தினமும் காலையில் வந்து ஹாஸ்டல் வாசலில் இட்லிப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்.

ரேவதி மூன்று நாளாக வரவில்லை. கோபமோ என்று போன் செய்தேன். எடுத்தாள். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தினாள்.

"ஒண்ணும் இல்லடி. லேசா ஜொரம். நாலு நாளா கீது."

"முதலுதவி ரூமுக்குப் போனியா?"

"போனேன். சிஸ்டர் உங்க தாள பாத்துட்டு, நீ ஹாஸ்டல் இல்ல, அந்த வழியும் இல்ல, உனுக்கு இது இல்லன்னுச்சு. மாத்திர குட்த்துச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அதுவும் இல்லாம, முழுகாம கீறேன்டி. ரெண்டு மாசம். யாராண்டயும் சொல்லல. மசக்கையா இருக்கும்னு நெனச்சிகினேன். படி ஏறுனா மூச்சு வாங்குது."

என் மூச்சும் படியில்தான் நின்றது. 'வேற யாருக்கும் வர வாய்ப்பில்ல' என்று நான் சொன்னது என் காதிலேயே கேட்டது. உடனே டாக்டர் சுமதியைக் கூப்பிட்டேன். நான் பாதி சொல்லும்போதே, "கூட்டிட்டு வாங்க. இப்பவே. நான் வாசல்ல ஆள் நிறுத்தறேன்" என்றார். ரேவதியின் புருஷன் அதே லோடு ஆட்டோவில் அவளை ஏற்றினான். நானும் அப்பாவும் பஸ் பிடித்து ஓடினோம். நடக்கவே தள்ளாடும் நான் எப்படி ஓடினேன் என்று அப்பா இன்றும் கேட்பார்.

அவளுடைய புண் முழங்காலுக்குப் பின்மடிப்பில் இருந்தது. அன்றே அசித்ரோமைசினை நரம்பு வழியாக ஏற்றினார்கள். ஆக்ஸிஜன் வைத்தார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, குழந்தையின் இதயத் துடிப்பு சரியாக இருக்கிறது என்று சொன்னபோது, அவள் புருஷன் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டான்.

எங்கே கடித்தது? அவள் அந்தப் பாதைப் பக்கமே போனதில்லை. கஸ்தூரி அக்காதான் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வீட்டுக்குப் பின்னால் ஏரிக்கரை. மழைக்காலத்தில் கொடியில் இடம் இல்லாமல், துவைத்த துணிகளைப் புதர் மேல் விரித்துக் காயப்போடுகிறார்கள். அதிலிருந்து வந்திருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள்.

அன்று மதியம் ரேவதி கண்மூடிக் கிடந்தாள். அவள் கட்டில் ஓரத்தில் நின்று டாக்டர் சுமதியிடம் சொன்னேன்.

"அந்த வரி நான் சொன்னது டாக்டர். என்னாலதான் இவளைத் திருப்பி அனுப்பிட்டாங்க."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அவர் என்னை ஸ்டூலில் உட்கார வைத்தார்.

"நீங்க சொன்னீங்க. நான் எழுதினேன். இளங்கோ ஒத்துக்கிட்டார். வெறும் வட்டம் போட்டா படிக்கறவங்களுக்குப் புரிஞ்சுடும்னு நெனச்சது என் தப்பு. அந்த சிஸ்டருக்கு அந்த வட்டம் என்னன்னே தெரியாது." கையில் இருந்த தாளை என் மடியில் வைத்துப் பேனாவைக் கொடுத்தார். "அழறதை அப்புறம் வெச்சுக்கலாம். இப்ப இதைத் திருத்தணும். எப்படி எழுதினா அந்த சிஸ்டர் இவங்களைத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டாங்க?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு என் வரியை நானே அடித்தேன். கீழே கட்டம் போட்டு எழுதினேன்: 'வெறும் வட்டம் என்றால் ஊகம். வெறும் வட்டம் போட்ட வரியை வைத்து யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது.' துணிகளைப் புதர் மேல் காயப்போட வேண்டாம் என்று ஒரு வரி சேர்ந்தது. இளங்கோ போனில் கேட்டுவிட்டு, "சரி, அனுப்புங்க மேடம்" என்றார். விளக்கு வைப்பதற்குள் இரண்டாம் பதிப்பு போய்விட்டது. அந்தப் பருவம் முடிவதற்குள் ஐந்தாம் பதிப்பு வரை வந்தது. எங்களுக்குத் தெரிந்த வரை ஒருவரையும் இழக்கவில்லை. ஏரிக்கரை ஊர்களிலிருந்து மட்டும் ஒன்பது பேர் வந்தார்கள். முதல் தாள் அப்படியே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இப்போது யோசிப்பதில்லை. முன்பு நிறைய யோசித்தேன்.

ரேவதிக்கு இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கியது. அவளுக்கு ரசம் சாதம் கரைத்துக் கொண்டுபோகும் முறை எனக்கு வந்தது. ஹாஸ்டல் சமையல்காரரிடம் கெஞ்சி வாங்கிய ரசம். "இது ரசமா, மஞ்சத்தண்ணியா" என்று கேட்டுக்கொண்டே முழுவதையும் குடித்தாள்.

ஆனால் அவளிடம் நேருக்கு நேர் அந்த விஷயத்தைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வேலைக்குத் திரும்பினோம். பக்கத்துப் பக்கத்து மேசை. தினமும் பேசுவோம், சிரிப்போம். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

போன மாதம் மணிமங்கலத்தில் அவளுக்கு வளைகாப்பு. ஏழாம் மாதம். கை நிறைய கண்ணாடி வளையல், கன்னத்தில் சந்தனம். லைனிலிருந்து பத்துப் பேர் போயிருந்தோம். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அவள் தட்டில் ஐந்து வகைச் சாதத்தையும் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். இதைவிட நல்ல நேரம் வராது என்று தோன்றியது.

"ரேவதி, ஒண்ணு சொல்லணும். அந்தத் தாள்ல ஹாஸ்டல்காரங்களுக்கு மட்டும்னு ஒரு வரி இருந்துச்சுல்ல, அது நான் சொன்னதுதான்."

அவள் புளிசாதத்தை மென்றுகொண்டே, "தெரியும்" என்றாள்.

"யாரு சொன்னா?"

"நீதான். டாக்டராண்ட அழுதுகினே சொன்னியே, அப்போ நான் முழிச்சிகினுதான் இருந்தேன். கண்ணத் தொறக்க சோம்பேறித்தனமா இருந்துச்சு."

அவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தேன்.

"அஞ்சு மாசமா ஏன்டி கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன். எவ்ளோ நாள் ஆக்குற நீ." தண்ணீர் குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீ சொன்னதால ரெண்டு நாள் வூட்ல பட்த்துகினு இருந்தேன். நீ போன் பண்ணதால எய்ந்து வந்தேன். ரெண்டும் நீதான். அதுல எதுக்கு உன்ன திட்றது, எதுக்கு கும்புட்றது? எனுக்கு அதெல்லாம் பிரிச்சிப் பாக்கத் தெரியாது." தட்டை என் பக்கம் தள்ளினாள். "தயிர் சாதம் எறங்க மாட்டேங்குது. நீ தின்னு."

அவள் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டேன்.